ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்து நீதிமன்ற அலுவலகங்களில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கைது, ரிமாண்ட், ஜாமீன் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தவறாமல் வெளியிடுகிறது. ஆனால், கைதானவரின் வீட்டில் இருப்பவர்கள் மறுநாள் காலையில் எங்கே போக வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எந்தப் பத்திரிகையும் எழுதிப் பார்த்ததில்லை. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அதுவரை கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் கோவைச் சிறைக்குமாக அலைகிறவர்கள் மனைவியும் தாயும்தான். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றையும், குறிப்பாக ஜாமீன் உத்தரவான பிறகும் ஜாமீன்தாரர் அமையாமல் உள்ளேயே கிடக்க நேரிடும் மலைப்பகுதிக்காரர்களின் நிலையையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதல் இரண்டு நாள்களில் குடும்பத்தார் செய்ய வேண்டிய வேலை, அழுகைக்கும் ஆத்திரத்துக்கும் நடுவே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவது. எந்தக் காவல் நிலையம், குற்ற எண் என்ன, எந்தெந்தப் பிரிவுகள், எந்த நீதிமன்றம் ரிமாண்ட் செய்தது, எந்தத் தேதியில் என்பதை அதில் எழுதிக்கொள்ள வேண்டும். கைது செய்தவர்கள் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்படுத்தவும் கடமைப்பட்டவர்கள் என்பதால், இந்த விவரங்களைக் கேட்பது தயவு கேட்பதாகாது. ரிமாண்ட் தேதியைத் தனியாகக் குறிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள்களுக்குள் காவல் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமையாகிவிடுகிறது. வணிக அளவு கஞ்சா போன்ற போதைப்பொருள் வழக்குகளில் அந்தக் கெடு 180 நாள். கெடு முடிந்தும் மனுப் போடாமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நாள் எண்ணுவது வக்கீலின் வேலை என்று விட்டுவிடாமல் வீட்டுக் காலண்டரிலும் வட்டமிட்டு வைப்பது நல்லது. எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட, சி.என்.ஆர். எனும் வழக்கு அடையாள எண் கிடைத்த பின், இ-கோர்ட்ஸ் செயலியில் அதைத் தட்டினால் அடுத்த வாய்தா எப்போது என்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்பதற்காகத் தாலியை அடகு வைக்கும் முன், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்ற கேள்வி இல்லாமலே இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்கள். உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் அதன் குழுக்களும் இயங்குகின்றன. 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் பேசலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோவென்று நடத்துவார் என்ற எண்ணம் மலையில் பரவலாக இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு வராதவர்களையும், சட்ட உதவியில் வந்து வழக்குக் கட்டை வரிக்கு வரி படித்தவர்களையும் பார்த்தவன் என்பதால், கட்டணத்தை வைத்து வக்கீலை எடைபோடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி ஜாமீன்தாரர் விஷயத்துக்கு வருகிறேன். ‘பெயில் ஆயிடுச்சு’ என்று வக்கீல் சொன்னதும் வீட்டில் சோறு பொங்கி வைத்துக் காத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலான உத்தரவுகளில், குறிப்பிட்ட தொகைக்குக் கைதியே எழுதித் தரும் சொந்தப் பிணையும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும், அவர்களில் ஒருவர் இரத்த உறவாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். ஜாமீன்தாரர் நீதிமன்றத்துக்கு நேரில் வந்து, ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படத்துடன் வீட்டு வரி ரசீதோ, பட்டாவோ, வட்டாட்சியர் தரும் சொத்து மதிப்புச் சான்றோ காட்ட வேண்டியிருக்கும். சமவெளியில் சிறு வீடு உள்ள யாரும் எளிதில் எடுத்து நீட்டக்கூடிய இந்தக் காகிதங்கள்தாம் மலையில் இல்லாதவை. தேயிலைத் தோட்ட லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவருக்கு வீடு நிர்வாகத்துடையது. வரி ரசீது அவர் பெயரில் வராது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலைக்கு அமர்ந்த குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையும் இதே நிலையில்தான் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில (பரம்பரை நிலக்கிழார் உரிமை நில) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கி, உரிமை தீராமல் கிடக்கும் நிலங்களில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து பயிர் செய்தும் பட்டா இல்லாதவர்கள் ஏராளம். பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் பணியில் இருந்த ஒரு நீதிமன்றத்தின் அலுவலக ஜன்னலில், மகனுக்கு ஜாமீன் போட வந்த ஒரு தோட்டத் தொழிலாளி அம்மாள் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார், தோட்டத்துச் சம்பளச் சீட்டுகள், பி.எஃப். சீட்டு, கடைசியாக, தம் தகப்பனாருக்கு, இலங்கையிலிருந்து திரும்பியோருக்கான மண்டபம் முகாமில் கொடுத்த, மடிப்பெல்லாம் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய குடும்ப அட்டை. ‘வீட்டு வரி ரசீது எங்கேம்மா?’ என்றார் பொறுப்பில் இருந்தவர். ‘வீடு தொரைமாருதுங்க சார்’ என்றார் அந்த அம்மாள். அன்று அவருடைய ஜாமீன் ஏற்கப்படவில்லை. கோர்ட் வாசலில் அறிமுகமாகும் ஒருவர், முன்பின் தெரியாத ஆளைக் கூலிக்கு ஜாமீன்தாரராக நிறுத்தித் தருவதாகச் சொல்லிப் பணம் கறப்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதில் போலி ஆவணம் வெளிப்பட்டால் ஜாமீன் ரத்தாவதோடு, பணம் கொடுத்த குடும்பத்தின் மீதும் வழக்கு வரக்கூடும்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்து ஜாமீன்தாரரை ஏற்க மறுத்ததையும், ஏழையிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். பந்தலூர், சேரம்பாடி ஆள்கள் வயநாட்டுப் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் வழக்கில் மாட்டிக்கொண்டு, உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவது என்று திகைக்கும்போது அந்தத் தீர்ப்பைத்தான் வக்கீலிடம் நினைவூட்ட வேண்டும். 2023 ஜனவரி 31-இல் வந்த உத்தரவு இன்னும் நேரடியானது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாள்களுக்குள் அவர் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை தர முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். வெளியே விட்டால் ஜாமீன்தாரரைத் தேடித் தருகிறேன் என்று கைதி கேட்டால் குறுகிய காலத் தற்காலிக ஜாமீனும் தரலாம் என்றெல்லாம் அது சொல்கிறது. பல வழக்குகள் உள்ள ஒருவருக்கு ஒரே ஜாமீன்தாரர்களை எல்லா வழக்குக்கும் ஏற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பும் உதவக்கூடியது.

ஆகவே குடும்பத்தார் செய்ய வேண்டியது, உத்தரவான அன்றே அதன் நகலை வாங்கி, ஜாமீன்தாரரிடம் கேட்கப்படும் ஆவணங்கள் எவை என்று அந்த நீதிமன்ற அலுவலகத்திலேயே விசாரிப்பது. வரி ரசீது இல்லாதவர், தோட்ட நிர்வாகத்தின் சம்பளச் சான்றையும் பணி அடையாள அட்டையையும் ஏற்குமாறு வக்கீல் மூலம் கேட்கலாம். அரசு ஊழியர் உறவினர் இருந்தால் அவரை அழைத்து வரலாம். ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம் கட்ட அனுமதி கேட்கலாம். எதுவும் முடியாவிட்டால் நிபந்தனைத் தளர்வு மனு போட்டு, சொந்தப் பிணையில் விடும்படி கேட்க வேண்டும். ஜாமீனில் விடத்தக்க சிறு குற்றங்களில் ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியாதவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விடும்படி சட்டமே கூறுகிறது. இவை தவிர, ஏழைக் கைதிகளுக்கு உதவ ஒன்றிய அரசு 2023-இல் வகுத்த திட்டம் ஒன்று உண்டு. மாவட்ட ஆட்சியரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளரும் காவல், சிறை அதிகாரிகளும் அடங்கிய குழு ஒப்புதல் தந்தால், விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகையாக ரூ.40,000 வரையும், அபராதம் கட்ட முடியாமல் கூடுதலாகச் சிறையில் இருக்கும் தண்டனைக் கைதிக்கு ரூ.25,000 வரையும் அரசே கட்டும் என்று அந்த ஆண்டு நெறிமுறை கூறியது. போதைப்பொருள், ஊழல் தடுப்பு, பணமோசடித் தடுப்பு, உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்ட வழக்குகளுக்கு இது பொருந்தாது. இப்படி ஒரு திட்டம் இருப்பது மலையில் பத்துப் பேருக்காவது தெரியுமா என்பது ஐயம்தான்.

ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடுகிறவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் அந்தத் தொகை கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். நம்பிக்கை போய்விட்டால், தம்மை விடுவிக்கும்படி நீதிமன்றத்தில் மனுச் செய்ய அவருக்கு உரிமை உண்டு. மாமன் மச்சான் முகத்துக்காகக் கையெழுத்திட்டு, பிறகு மனஸ்தாபமாகிக் குடும்பம் இரண்டுபட்டதை நிறையவே கண்டிருக்கிறோம்.

நீலகிரிக்காரருக்குச் சிறை என்றால் பெரும்பாலும் கோவைதான்; பெண்களுக்கும் அங்கே தனிச் சிறப்புச் சிறை உள்ளது. பந்தலூரிலிருந்து கிளம்புகிறவர் கூடலூர், உதகை, குன்னூர் என்று இறங்கி மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையம் சேர்ந்து, அங்கிருந்து காந்திபுரம் போவதற்குள் பொழுது பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். ஆகவே ‘மனு பார்க்க’, அதாவது கைதியைச் சந்திக்கப் போகும் முன், அன்று நேர்காணல் உண்டா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். விசாரணைக் கைதிக்கும் தண்டனைக் கைதிக்கும் நேர்காணல் கணக்கு வேறு. இ-முலாகாத் என்ற அரசுத் தளத்தில் சந்திப்புக்கு முன்பதிவு செய்யலாம்; காணொலியில் பார்த்துப் பேசவும் அதில் வசதி இருக்கிறது. வயதான தாய் தந்தைக்கு, பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்குவதைவிடப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மகன் முகத்தைப் பார்ப்பது எவ்வளவோ மேல். நேரில் போகிறவர்கள் அசல் அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். கைப்பேசி உள்ளே போகாது. ஆசையாகச் சமைத்து எடுத்துப்போகும் சோறும் கறியும் வாசலிலேயே நின்றுவிடும் என்பதால், எதை வாங்க அனுமதி என்று கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். கேன்டீன் செலவுக்குக் கைதியின் பெயரில் சிறைக் கணக்கில் பணம் கட்டுவதே உபயோகமானது. வாய்தா அன்று கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி வருகிறவர்களும் ஏமாந்துபோகிறார்கள். இப்போது பல வாய்தாக்கள் காணொலியிலேயே முடிந்துவிடுகின்றன. நேரில் கொண்டுவருகிறார்களா என்று வக்கீலிடம் முந்தைய நாளே கேட்டுவிட வேண்டும்.

முதல் சந்திப்பில் மறக்கக் கூடாதது மருந்துச் சீட்டு. சர்க்கரை, வலிப்பு, காசநோய், மனநல மருந்து எதுவாயினும் நின்றுபோனால் ஆபத்து. கூடலூர், பந்தலூர் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் சோகை உள்ளவர் என்றால், அந்த நோய்ச் சான்றின் நகலைச் சிறை மருத்துவரிடம் சேர்த்து, பெற்றதற்குக் கையொப்பம் கேட்பது நல்லது. குளிரும் நீரிழப்பும் அவர்களுக்குத் திடீர் வலியைக் கொண்டுவரும். சான்று கையில் இல்லாவிட்டால் அந்த வலியை நடிப்பு என்று நினைத்துவிட இடமுண்டு.

வீட்டில் சாவு நேர்ந்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்பார்கள். தண்டனை பெற்றவருக்கு, 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், பிள்ளைகள் அல்லது உடன்பிறந்தோர் திருமணம் ஆகியவற்றுக்கு அவசர விடுப்பு உண்டு. விசாரணைக் கைதிக்கு இந்த விதி பொருந்தாது. அவருக்காக நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும். எந்த வழியானாலும் மருத்துவர் அல்லது கிராம நிர்வாக அலுவலர் எழுதிய கடிதம் கையில் இருந்தால்தான் அன்றைக்குள் வேலை நடக்கும்.

குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் கதை வேறு. மூல வழக்கில் ஜாமீன் வாங்கினாலும் தடுப்புக் காவல் உத்தரவு நிற்கும் வரை, அதிகபட்சம் 12 மாதம், வெளியே வர முடியாது. அரசுக்கும் அந்தக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்துக்கும் உடனே முறையீடு அனுப்புவதும், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்வதும்தான் வழி. இதை அறியாமல் கீழ்க் கோர்ட்டில் ஜாமீனுக்குச் செலவு செய்து முடித்த குடும்பங்கள் உண்டு.

வழக்கு நீண்டுகொண்டே போனால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவைப் பார்க்க வேண்டும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாத வழக்கில், அதிகபட்சத் தண்டனையின் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்தவருக்கும், முன்பு எதிலும் தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் விடுதலைக்கு வழி உண்டு. பல வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு இது கிடைக்காது. நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது என்று அந்தப் பிரிவே சொல்வதால், குடும்பத்தார் எழுத்து மூலம் அவருக்கு நினைவூட்டலாம்.

வீட்டில், கைதானவர் தோட்டத்து நிரந்தரத் தொழிலாளி என்றால் அவர் வேலைக்கு வராத காரணத்தை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வைக்க வேண்டும். இல்லையேல் வேலையை விட்டு ஓடியவர் என்று கணக்கு முடித்துவிட்டால் லயன் வீடும் போய்விடும். பிள்ளைகளிடம் ‘அப்பா வெளியூர் போயிருக்கிறார்’ என்று சொல்வது பெரும்பாலான வீடுகளின் பழக்கம். பக்கத்து லயனில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி பள்ளிக்கூடத்தில் வேறு வாயிலிருந்து பிள்ளையின் காதில் விழுவதற்கு அதிக நாள் ஆகாது என்பதால், வயதுக்குத் தக்கபடி தாயே சொல்லிவிடுவது மேல் என்பது என் கருத்து. சம்பாதிப்பவர் உள்ளே போனதால் பிள்ளைகளின் படிப்பு நிற்கும் நிலை வந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். குடும்ப நிலையை விசாரித்துத் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் ரூ.4,000 வழங்கும் ஏற்பாடு உண்டு. சிறைக்குள்ளிருந்து பேசுவதாகச் சொல்லி, ‘உங்க வீட்டுக்காரருக்கு உள்ளே வசதி செய்து தர்றேன், ஜீபேயில் போடுங்க’ என்று வரும் அழைப்புக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது.

வெளியே வரும் நாளையும் யோசித்து வைக்க வேண்டும். விடுதலை ஆணை சாயங்காலம் சிறைக்குச் சேர்ந்தால், மலைக்குப் பேருந்து குறைந்துபோன நேரத்தில் அவர் காந்திபுரத்தில் நிற்பார். பேருந்துக் காசும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டு ஒருவர் கீழே இருப்பது அவசியம். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யக் கேட்க அது காரணமாகிவிடும். எஸ்டேட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய் வருவதிலேயே நாள் கூலி போய்விடுகிறவர்கள், சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்திட்ட பின், வாரம் ஒரு நாளாக மாற்றித் தரும்படி மனுச் செய்யலாம்.

தங்கள் நாளிதழ் வாயிலாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. ஜாமீன்தாரர் கொண்டுவர வேண்டிய ஆவணங்களையும், வரி ரசீதும் பட்டாவும் இல்லாதவர் அவற்றுக்குப் பதிலாக எவற்றைக் காட்டலாம் என்பதையும் தமிழில் அச்சிட்டு, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் நீதிமன்ற வளாகங்களிலும் தோட்டத்து மஸ்டர் (வருகைப் பதிவு) கொட்டகைகளிலும் ஒட்டச் செய்ய வேண்டும். ஜாமீன் உத்தரவாகி 7 நாள் கடந்தும் வெளியே வராத நீலகிரிக் கைதிகளின் பட்டியலைச் சிறையிலிருந்து வாரந்தோறும் பெற்று, அந்தந்த வட்டத்துச் சட்டத் தன்னார்வலர் ஒருவரை அவர்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். முகவரி தெரிந்த வீடுகள்தாம், வேண்டியது ஓர் ஆளும் பேருந்துக் கட்டணமும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.